பாலாற்று மணலிலும் கரட்டிலும் நாயோடு நடை: வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலூரில் நாய் வளர்ப்பவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று முடிவெடுக்கிறார்கள். நாயை ஏற்றிக்கொண்டு போய் பாலாற்றங்கரையில் இறக்கி, கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பாதத்தில் பாட்டில் கண்ணாடி குத்தியிருக்கும், இல்லாவிட்டால் யாருடைய ஆட்டையோ துரத்திக்கொண்டு ஓடியிருக்கும். அதோடு அந்த நாய்க்கு வெளியூர் நடை முடிந்துவிடும். மறுபடி கூட்டிப்போக வீட்டில் யாரும் விடமாட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்வதால்தான். கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஆறும் நாயை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே முடிய வேண்டியவை.

1. ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து

வெறிநாய்க்கடி தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும். குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தது, அதன்பின் ஆண்டுதோறும். ஆற்றங்கரையில் ஊர் நாய்களைச் சந்திக்காமல் திரும்புவது அபூர்வம். அதனால் இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

கலப்புத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் இருந்து அந்த நோய் வருகிறது. ஆற்றுக் குட்டை என்றாலே அப்படிப்பட்ட நீர்தான். நாயிடமிருந்து நமக்கும் தொற்றும்.

உண்ணி மருந்தைக் கிளம்பும் நாள் காலையில் போடாதீர்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்து தோலில் பரவ நேரம் எடுக்கும். ஓரிரு நாள் முன்பே விட்டுவிட வேண்டும், அதற்குள் குளிப்பாட்டவும் கூடாது. மாத்திரை என்றால் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு மாடு மேயும் புல்வெளி எல்லாமே உண்ணி இருக்கும் இடம்.

எல்லா ஊசியும் முடியாத குட்டியை எங்கும் கூட்டிப்போக வேண்டாம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய இனங்களை ஒரு வயது தாண்டும்வரை நீண்ட தூரம் நடக்க வைக்காதீர்கள், மூட்டு இன்னும் உறுதிப்பட்டிருக்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த ஊர் வெயிலில் நடை சரிப்படாது. மூச்சிரைப்பால்தான் நாய் உடம்பைக் குளிர்த்துக்கொள்கிறது. அந்த மூக்கில் அதற்கு வழி குறைவு. தை மாத அதிகாலையில் அரை மணி நேரம் போதும் அவற்றுக்கு.

2. மூன்று சொற்கள்

வா, நில், விடு. இந்த மூன்றும் தெருவில், மற்ற நாய்கள் இருக்கும்போது, கோழி ஓடும்போது வேலை செய்ய வேண்டும். மாடியில் பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டால் எந்த நாயும் வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்றில் ‘விடு’ தான் உயிர் காக்கும் சொல். ஆற்றங்கரையில் கோழிக்கழிவு கிடக்கும், செத்த மீன் கிடக்கும். மலையடிவார வயல் ஓரங்களில் காட்டுப்பன்றிக்கென்று யாராவது வைத்த நாட்டு வெடிகூட இருக்கலாம். சட்டவிரோதம்தான், ஆனாலும் வைக்கிறார்கள். அதைக் கடித்த நாய்க்கு வாய் இருக்காது. கண்டதை எடுத்து மெல்லும் பழக்கம் உள்ள நாய்க்கு, மூச்சுவிட இடமுள்ள வாய்க்கூடு போட்டுப் பழக்கிய பிறகே கரட்டுப் பக்கம் கூட்டிப்போங்கள்.

எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். அப்பா ‘வா’ என்றும், பிள்ளை ‘கம்’ என்றும், பாட்டி ‘இங்க வாடா’ என்றும் கூப்பிடும் வீட்டில் நாய் யார் பேச்சையும் கேட்காது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இவை ஓடும் உயிரைக் கண்டால் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. முயல் ஒன்று எழுந்து ஓடினால் ‘வா’ என்ற சொல் அந்தக் காதில் விழாது. எவ்வளவு பழக்கியிருந்தாலும் கயிறு கையில் இருக்கட்டும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

முதலில் போகக் கூடாத இடங்களைக் கழித்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நாயோடு நுழைந்தால் வேட்டைக்கு வந்தவர் என்றுதான் வனக்காவலர் நினைப்பார். அமிர்தி உள்ளிட்ட ஜவ்வாது மலைக் காடுகள் இந்தக் கணக்கில் வரும். நாயின் வாடை பட்டால் மான்கள் கலைந்து ஓடும், நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோயும் பரவும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்து மலையடிவாரங்களையும் விட்டுவிடுங்கள். எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம் இருக்கிறது. யானையும் சிறுத்தையும் இந்தப் பக்கம் வந்து போகின்றன. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. அதை ஓட்டிவிட நாய் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நாயால்தான் அது உங்களை நெருங்கி வரும்.

மலைக்கோயில் படிக்கட்டுகளும் வேண்டாம். குரங்குக் கூட்டம் ஒரு பக்கம், கோயிலுக்கு வருபவர்களின் மனவருத்தம் மறுபக்கம். வள்ளிமலைக்குப் போனால் மலையேறுவதற்கென்று போங்கள், நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது கொஞ்சமில்லை. விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றின் அகன்ற மணல்வெளி இருக்கிறது. திருவலம், மேல்பாடி பக்கம் பொன்னை ஆற்றங்கரை இருக்கிறது. ஏரிக்கரைகள், காடு தொடங்குவதற்கு முன் வரும் மேய்ச்சல் புறம்போக்கு, ஆவாரமும் காரையும் முளைத்த சிறு கரடுகள் எல்லாம் இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் சொல்வது ஆற்று மணல்தான். பார்வை நீளமாக எட்டும்; எதிரே மந்தை வருகிறதா, ஊர் நாய் வருகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கரட்டில் வளைவு திரும்பியதும் மூக்குக்கு முன்னால் ஆடு நிற்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் ஆற்றோரத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. தோல் தொழிற்சாலைக் கழிவு பல காலமாகச் சேர்ந்த இடங்கள் அவை. நாய் தண்ணீரைக் குடிக்காவிட்டாலும், மிதித்த காலை வீட்டுக்கு வந்து நக்கும்.

4. நாய் இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள்

எல்லோரும் தாவிவிடும் படி இதுதான். எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் நாயோடு போகப்போகிறீர்களோ, அதே கிழமையில் அதே நேரத்தில் தனியாகப் போய் வாருங்கள். ஞாயிறு காலை ஆறும் புதன் காலை ஆறும் ஒன்றல்ல. சனிக்கிழமை இரவுக் குடியின் பாட்டில்கள் ஞாயிறு காலையில்தான் மணலில் உடைந்து கிடக்கும்.

தனியாக நடக்கும்போது இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு எங்கே இருக்கிறது? இந்தப் பக்கத்து வயல்களில் புல் மூடிய விளிம்போடு ஆழமான கிணறுகள் உண்டு. உள்ளே விழுந்த நாயை எடுக்கத் தீயணைப்புத் துறையைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். மணல் அள்ளிய பள்ளம் எங்கே? மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி தெரியும், ஓரம் செங்குத்தாக இறங்கும். கோழிக்கழிவு கொட்டும் இடம் எது? அங்கேதான் ஊர் நாய்க் கூட்டம் இருக்கும், அது தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. சுடுகாடு எங்கே? பெரும்பாலான ஊர்களில் ஆற்றங்கரையில்தான். சாவு ஊர்வலம் வந்தால் மேளமும் வெடியும் சேர்ந்து வரும், மிரண்ட நாய் கயிற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடும். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். ஓடும் நாய் அங்கேதான் போய்ச் சேரும்.

வழியில் இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, “அண்ணா, நாயைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் நடக்கலாமா?” என்று கேளுங்கள். மந்தை எத்தனை மணிக்கு வரும், எந்தத் தோப்பில் கடிநாய் இருக்கிறது, யார் நிலம் எதுவரை என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். கேட்டுவிட்டுப் போனவரை ஊரில் யாரும் விரட்டுவதில்லை.

திரும்பும் வழியில், அவசரத்துக்குப் போக வேண்டிய கால்நடை மருத்துவமனை எது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து கைவசம் உண்டா என்று விசாரித்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து எல்லா இடத்திலும் இருக்காது. கடித்த பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.

5. மாதமும் மணியும்

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். பங்குனி தொடங்கினால் காலை எட்டு மணிக்கே மணல் சுடும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த மாதங்களில் தெருவைச் சுற்றி ஒரு நடை போதும். புறங்கையை மணலில் வைத்து ஏழு வினாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. கிளம்பும் இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். திரும்பி வரும் நேரத்துக்கு மணல் எப்படி இருக்கும் என்பதுதான் கணக்கு. விடிந்ததும் தொடங்கி, மணல் சுடுவதற்குள் வண்டிக்குத் திரும்பியாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஆற்றுப் படுகையில் இறங்க வேண்டாம். நம் ஊரில் வானம் வெளுத்திருக்கும். சித்தூர்ப் பக்கம் பெய்த மழைக்கு கலவகுண்டா அணை திறந்து பொன்னையில் வெள்ளம் வரும். மோர்தானா அணை நிரம்பினால் கவுண்டின்யா ஆற்றில் வரும். வெள்ள எச்சரிக்கை செய்தி வந்திருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகும் சில நாள் மணல் இளகிக் கிடக்கும்.

பொங்கலை ஒட்டி இன்னொன்றும் உண்டு. தை தொடங்கி ஊர் ஊராக மாடு விடும் விழா நடக்கும். அன்றைக்கு அந்த ஊர்ப் பக்கமே நாயோடு போகாதீர்கள். ஓடுபாதையைத் தாண்டியும் மிரண்ட காளை எங்கே வேண்டுமானாலும் வரும்.

6. பை

தண்ணீர்தான் பாரம். 20 கிலோ நாய்க்கு, குளிர்ந்த காலையில் இரண்டு மணி நேர நடை என்றால் குறைந்தது ஒரு லிட்டர், உங்களுக்குத் தனி. அதற்கு மேல் வண்டியில் ஒரு பெரிய கேன் இருக்கட்டும். காலோ உடம்போ கழுவ அது தேவைப்படும்.

கழுத்துப் பெல்ட்டை விட மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் நல்லது. பள்ளத்தில் சறுக்கினால் கழுத்தை நெரிக்காமல் தூக்கலாம். கயிறு இரண்டு மீட்டர் அளவில், கைக்குப் பிடிப்பான பருத்திக் கயிறு அல்லது நாடா. இரும்புச் சங்கிலி கையை அறுக்கும். தானாகச் சுருளும் கயிறு வாங்கியிருந்தால் வீட்டிலேயே வையுங்கள். சீமைக் கருவேலப் புதரில் ஒருமுறை சிக்கினால் அதை மீட்க நீங்கள் முள்ளுக்குள் படுத்து ஊர வேண்டும்.

முள்வாங்கி, சின்னக் கத்தரிக்கோல், துணிக்கட்டு, கிருமிநாசினி, பழைய துண்டு, ஒரு கைத்தடி. தடி யாரையும் அடிப்பதற்கு இல்லை, புல்லைத் தட்டிப் பார்க்க. நாயைத் தூக்கி வர ஒரு பழைய பெட்ஷீட்டும் வண்டியில் இருக்கட்டும். காலில் ஷூ போடுங்கள். செருப்போடு வருபவர் முதல் நெருஞ்சியிலேயே நின்றுவிடுவார், அவரோடு நாயும் நிற்க வேண்டும்.

சாப்பாட்டை நடைக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்து போடுங்கள். நிறைந்த வயிற்றோடு ஓடினால் பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வழிக்கு அவித்த முட்டை போதும். வெங்காயம் போட்ட எதையும், சாக்லேட், திராட்சையையும் தரக்கூடாது.

7. மணலில் நடக்கும்போது

கரையை விட்டு இறங்கியதும் முதல் நூறு அடி மெதுவாக. கண்ணாடிச் சில்லு பெரும்பாலும் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டித்தான் கிடக்கும். பாட்டில் கொண்டுவந்தவரும் அதிக தூரம் நடப்பதில்லை.

ஆற்றுக் குட்டையில் நாய் வாய் வைக்கும் முன்பே உங்கள் கையிலிருக்கும் தண்ணீரைக் கொடுங்கள். தாகம் எடுத்த பிறகு தடுக்க முடியாது. கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அது குட்டையைத் திரும்பிப் பார்க்காது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்கள், பாதி தீரும்வரை காத்திருக்க வேண்டாம். வரும்போது வெயில் ஏறியிருக்கும், கூடுதலாகத் தேவைப்படும்.

இளகிய மணலில் நடப்பது நாய்க்குச் சீக்கிரம் களைப்பு தரும். மந்தை நடந்து இறுகிய தடத்திலேயே போங்கள். நாணல் புதரின் ஓரமாக உரசிக்கொண்டு நடக்காதீர்கள், பன்றியும் பாம்பும் அங்கேதான் ஒதுங்கும்.

8. கரட்டில் நடக்கும்போது

இங்கே நாய் முன்னால் போகக் கூடாது. நீங்கள் தடியால் தட்டிக்கொண்டு முன்னால், நாய் உங்கள் காலுக்குப் பின்னால். பாறை இடுக்கிலும் கல்லடியிலும் சுருட்டைவிரியன் இருக்கும். குளிர்காலக் காலையில் கண்ணாடிவிரியன் வெயில் காயப் பாதையிலேயே கிடக்கும், மிதித்தாலொழிய நகராது. நாய் மூக்கை நீட்டி முகரும், அதனால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழும்.

நாய் நொண்டினால் உடனே நிறுத்துங்கள். விரல்களுக்கு இடையே விரித்துப் பார்த்தால் நெருஞ்சியோ கருவேல முள்ளோ இருக்கும். முள் நுழைந்த அதே சாய்வில் முள்வாங்கியால் வெளியே இழுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் முனை உள்ளேயே ஒடியும். ஒடிந்த கருவேல முள் சீழ் பிடிக்காமல் விடாது. ஊசிப்புல் முற்றிய காலத்தில் நீள முடி நாய்களைக் கூட்டிப்போகாமல் இருப்பதே மேல். விதை காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

9. ஆடு, மாடு, ஊர் நாய்

மந்தையைப் பார்த்ததும் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, தடத்தை விட்டு இருபது முப்பது அடி ஒதுங்கி, நாயை உட்கார வையுங்கள். மந்தை கடந்து போகட்டும். உங்கள் நாய் சாதுவாக இருக்கலாம், ஆட்டுக்கு அது தெரியாது. சினை ஆடு மிரண்டு ஓடினால் குட்டி கலையும். ஆடு ஒன்று செத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெரிய தொகை போகும், நியாயமாக நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

மந்தையோடு வரும் காவல் நாய் உங்களை நோக்கி வந்தால் ஓடாதீர்கள். “அண்ணா, நாயைக் கொஞ்சம் கூப்பிடுங்க” என்று ஆடு மேய்ப்பவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு நில்லுங்கள். ஊர் நாய்க் கூட்டம் என்றால் உங்கள் நாயைப் பின்னால் வைத்து, கண்ணோடு கண் பார்க்காமல், வந்த வழியே பின்வாங்குங்கள். சிறிய நாயைத் தலைக்கு மேல் தூக்கினால் அவை உங்கள் மேல் பாயும். தூக்கத்தான் வேண்டுமென்றால் மார்போடு அணைத்துத் திரும்பிக்கொள்ளுங்கள். கல்லைக் குனிந்து எடுப்பதுபோல் பாவனை காட்டினாலே பல கூட்டங்கள் நின்றுவிடும். எறிய வேண்டாம், எறிந்தால் ஊர்க்காரர் கோபப்படுவார்.

10. ஏதாவது ஆகிவிட்டால்

வெப்பத்தாக்கு: நிற்காத மூச்சிரைப்பு, பிசுபிசுத்த எச்சில், செங்கல் சிவப்பில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி. நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை, பாதம் எங்கும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரையேறும். முதலில் குளிர்த்துவிட்டு அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். தேறிவிட்டது மாதிரி தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பிறகுதான் தெரியும்.

பாம்புக்கடி: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலைக்கு அலையாதீர்கள். நாயை நடக்கவிடாமல் பெட்ஷீட்டில் தூக்குங்கள், ஹார்னஸைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

வேறு நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உங்கள் நாய்க்கு ஊசி நடப்பில் இருந்தாலும் மறுபடி போட வேண்டியிருக்கும். நடுவில் புகுந்து உங்களுக்கும் பல் பட்டிருந்தால், கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

11. வீடு திரும்பியதும்

வீட்டுக்குள் விடுவதற்கு முன் வாசலிலேயே காலைக் கழுவித் துடையுங்கள். காதின் உட்புறம், கழுத்து மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, வாலின் அடி என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் கையுறை போட்டு, முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் நம் வீடுகளில் பழக்கம். அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். எடுத்ததைக் கையால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாயுருவி ஒட்டிய முடியைச் சீப்பால் இழுக்காமல் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்த மூன்று வாரம் நாயின் பசியைக் கவனியுங்கள். சோர்வு, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்று எது தெரிந்தாலும், உண்ணி உள்ள இடத்துக்குப் போய் வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவர் சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.